ரூபாய்க்கு ஒரு தேதி: பங்குச் சந்தை விழும்போது விற்காமல் இருப்பது எப்படி

2008 தீபாவளி வாரம். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் என்று டின் டின்னாக நிரம்பிக்கொண்டிருந்தது. என் பலகாரத் தொழிலில் வருடத்தின் பெரிய விற்பனை அந்த வாரம்தான். மாவுக் கையோடு போனை எடுத்து மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்டிடம் சொன்னேன்: "எல்லாத்தையும் வித்துருங்க தம்பி."

இரண்டரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது 3,60,000 ரூபாய். கைக்கு வந்தது 1,85,000. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் அந்த ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது, அந்த வாரம் 8,000-க்குக் கீழேயும் போய் வந்தது.

எனக்கு மனதிடம் போதவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். பிற்பாடு நிதானமாக உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. தை மாதம் மகள் கல்யாணம். அந்தப் பணத்தில் ஒன்றரை லட்சம் கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு திடமான மனுஷியாக இருந்தாலும் அன்று விற்றுத்தான் ஆகவேண்டும். தப்பு நடந்தது 2008 ஐப்பசியில் இல்லை, 2006-லேயே நடந்துவிட்டது. இன்ன தேதிக்கு வேண்டும் என்று தெரிந்த பணத்தைத் தேதி தெரியாத இடத்தில் போட்டேன். மீதி 35,000-ஐயும் சேர்த்து விற்றேன் பாருங்கள், அது மட்டும்தான் பயம்.

ஆகவே சந்தை விழும்போது உள்ளேயே இருப்பதற்கான வேலை, சந்தை நன்றாக இருக்கும்போது ஒரு நோட்டில் தொடங்குகிறது. நான் செய்கிறபடி சொல்கிறேன்.

ஒரு சாதாரண நோட்டு எடுங்கள். உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு தொகைக்கும் நேரே எதற்கு, எப்போது வேண்டும் என்று எழுதுங்கள். "பிற்காலத்துக்கு" என்று எழுதக்கூடாது, வருடம் எழுதவேண்டும். என் நோட்டில் இப்போது நான்கு வரி இருக்கிறது. இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்ற, அடுத்த ஆனி, 2,50,000. வீட்டுக்காரருக்குப் பீமரத சாந்தி (எழுபதாம் வயதுச் சடங்கு), 2029, ஆறு லட்சம். பேத்தி கல்லூரி, 2030. நான்காவது வரி எங்கள் இருவரின் முதுமைக்கு, 2038-க்கு அப்புறம்.

இந்த நான்கில் முழு மனதோடு பங்குச் சந்தையில் இருக்கிறது நான்காவது வரி மட்டும்தான். ஓட்டுப் பணம் வங்கி வைப்பில். சாந்திப் பணம் வங்கியிலும் தபால் ஆபீஸிலும். ஊரே வந்து சாப்பிடுகிற சாந்தி அது. அன்றைக்குச் சந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பந்தி போட முடியாது.

எத்தனை வருடத்துக்கு மேல் என்றால் பங்கில் போடலாம்? பலர் ஐந்து என்பார்கள். நான் ஏழு என்பேன், காரணம் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் தொட்ட உச்சத்தைச் சென்செக்ஸ் மறுபடி தாண்டியது 2004 தொடக்கத்தில். 2008 ஜனவரி உச்சத்தை 2010 தீபாவளியில் தொட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரும்ப விழுந்து, 2013 கடைசியில்தான் தாண்டி மேலே போனது. ஏறக்குறைய ஆறு வருடம். ஐந்து வருடக் கணக்கில் 2008 தொடக்கத்தில் ஒரே தொகையாகப் போட்டவர் 2013 தொடக்கத்தில் போட்ட இடத்தில்கூட நிற்கவில்லை. அதனால்தான் ஏழு.

பேத்தி கல்லூரிப் பணத்தை 2015-ல் பங்கில்தான் ஆரம்பித்தேன், அப்போது பதினைந்து வருடம் இருந்தது. தேதி நெருங்க நெருங்க அதை வெளியே எடுக்கவேண்டும். தேவைக்கு மூன்று வருடம் முன்பிருந்து ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒரு பங்கை வங்கிக்கு நகர்த்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். இப்படி எடுப்பதைச் சந்தையை விட்டு ஓடுவதாக நினைக்கவேண்டாம். அந்தப் பணத்துக்கு அதன் வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பணத்தையெல்லாம் தனித்தனிக் கணக்காகவே வையுங்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வட்டிக்கடைப் பேரேடுகளில் 'ஆச்சிமார் பணம்' என்று தனியாகப் பற்று வரவு இருந்தது. பெண்களின் சீர்ப்பணம் கடையில் வட்டிக்கு நிற்கும், வீட்டுச் செலவோடு கலக்காது. என் முதுமைக்கான ஃபண்டுகளை என் பெயரில் தனியாக வைத்திருக்கிறேன். தொழில் கணக்கு வேறு வங்கியில். மாவு மில்லுக்குக் கொடுக்கக் காசு குறைந்தால் கை அங்கே போகாது.

அடுத்தது அவசரக் காசு. இதைப்பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஏன் என்பதை நான் 2020-ல்தான் உணர்ந்தேன்.

மார்ச் 22 ஞாயிறு, நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்திருந்தேன். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த மாவு தட்டு தட்டாக வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தது. கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சித்திரை, வைகாசி ஆர்டர் கொடுத்தவர்களும் ஒவ்வொருவராகப் போன் செய்து வேண்டாம் என்றார்கள். மறுநாள் திங்கள்கிழமை சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில் 10 சதவீதம் விழுந்து, விதிப்படி 45 நிமிடம் வியாபாரத்தை நிறுத்தினார்கள். திரும்பத் திறந்ததும் இன்னும் இறங்கியது. அன்று மட்டும் சென்செக்ஸ் 3,935 புள்ளி, 13 சதவீதத்துக்கு மேல் சரிந்து 25,981-ல் முடிந்தது. ஜனவரியில் 42,000-ஐத் தாண்டி இருந்தது அது.

சென்னையில் இருக்கிற என் தம்பி மகன்தான் கணக்கைப் போனில் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் கூப்பிட்டான். "அயித்தை, 14,20,000 இருந்தது இப்ப 9,05,000. இன்னும் விழும்ங்கிறாங்க. வித்துரவா?"

"நோட்டைப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றேன்.

கவனித்தீர்களா, வருமானம் நின்றதும் சந்தை விழுந்ததும் ஒரே வாரத்தில். பெரிய வீழ்ச்சிகள் பல நேரம் இப்படித்தான் வரும். ஊரில் தொழில் படுக்கும், வேலை போகும், அதே நேரத்தில் பங்கும் விழும். கையில் காசு இல்லாதவர் அந்த அடிமாட்டு விலைக்குத்தான் விற்கவேண்டி வரும். என்னிடம் எட்டு மாதச் செலவு வைப்பில் இருந்தது. மாதம் 30,000 கணக்கில் 2,40,000. எங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் இருக்காது. அந்தப் பழக்கத்தில் சேர்த்து வைத்தது. கூட வேலை செய்கிற மூன்று பேருக்கும் பாதிச் சம்பளமாவது கொடுக்க முடிந்தது. ஃபண்டைத் தொடவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதம் போதும் என்பார்கள். சொந்தத் தொழில் என்றால் எட்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

நோட்டைப் பார்க்கிறேன் என்று சொன்னேனே, அதில் என்ன பார்த்தேன்? முதல் பக்கத்தில் நானே எனக்கு எழுதி வைத்த கடிதம். சந்தை நன்றாக இருந்த 2017-ல் எழுதியது. அப்படியே தருகிறேன்:

"இந்தப் பணம் 2038-க்கு. 10 சதவீதம் இறங்குவது பெரும்பாலான வருடங்களில் நடக்கும். 30, 40 சதவீதமும் இறங்கும், 2008-ல் அதற்கு மேலும் இறங்கியது. விற்கத் தோன்றினால் மூன்று கேள்வி. தேதி மாறிவிட்டதா? வீட்டுச் செலவுக்குக் காசு இல்லையா? நான் வைத்திருப்பது கெட்டுப்போய்விட்டதா? மூன்றுக்கும் இல்லை என்றால் மூன்று ராத்திரி தூங்கி எழு. அப்புறமும் தோன்றினால் பத்தில் ஒரு பங்கு மட்டும் விற்றுக்கொள்."

கடைசி வரியைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பயம் வந்த மனசுக்கு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். பத்தில் ஒரு பங்கை விற்றுவிட்டு ஒன்பதைக் காப்பாற்றினால் அது நல்ல வியாபாரம் என்றே நினைக்கிறேன். எனக்கு அன்று அதுவும் தேவைப்படவில்லை. அந்த நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது.

நீங்களும் இன்றே எழுதுங்கள். கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள். இறங்குகிற நாளில் டிவியில் பேசுகிறவர் யாரோ, இந்தக் கடிதத்தில் பேசுவது உங்கள் கையெழுத்து.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: வைத்திருப்பது கெட்டுப்போய்விட்டதா? "விற்காமல் இரு" என்கிற பேச்சு முழுச் சந்தைக்குப் பொருந்தும், ஒரு தனிக் கம்பெனிக்கு அப்படியே பொருந்தாது. இதைக் கலந்துகொண்டு கெட்டவர்கள் நிறைய. நானும் ஒரு கம்பெனிப் பங்கை 2010-க்கு அப்புறம் வாங்கி, விழ விழ "நீண்டகால முதலீடு" என்று சொல்லிக்கொண்டே வைத்திருந்தேன். நூறு ரூபாய் எட்டு ரூபாயாகி, அங்கேயே கிடக்கிறது. பாதி விழுந்த பங்கு பழைய விலைக்கு வர இரண்டு மடங்கு ஏறவேண்டும். நூறு எட்டானால் பன்னிரண்டரை மடங்கு ஏறவேண்டும்.

தனிப் பங்கு வைத்திருந்தால் விலையைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், தொழிலைப் பாருங்கள். கடன் வருடா வருடம் ஏறுகிறதா, நிறுவனரின் பங்கு எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது, தணிக்கையாளர் பாதியில் விலகினாரா, லாபம் காகிதத்தில் வந்து ரொக்கமாக வராமல் நிற்கிறதா. அடமான விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைத் தளத்தில் வெளியாகிறது, யாரும் பார்க்கலாம். இவை கெட்டால் நஷ்டத்திலும் விற்றுவிடுங்கள். இதையெல்லாம் பார்க்க நேரம் இல்லை என்றால் நிஃப்டி 50, சென்செக்ஸ் போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டே போதும். ஒரு கம்பெனி தேய்ந்தால் குறியீட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். என் நான்காவது வரியில் பங்குச் சந்தையில் இருக்கிற பணத்தில் முக்கால்வாசி அதில்தான்.

முழுச் சந்தை என்றாலும் ஒரே நாடு என்பதையும் யோசிக்கவேண்டும். ஜப்பானின் நிக்கேய் 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம். எங்கள் வீட்டில் இதற்கு வேறு ஞாபகம் இருக்கிறது. என் ஐயா (தாத்தா) பர்மாவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு உதவியாளராக இருந்தவர். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியாமல், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார் கடைகளின் கைக்கு வந்துவிட்டது. வட்டிக்கு விட்ட பணம் முழுக்க ஒரே நாட்டில், ஒரே பயிரில், மண்ணாக மாறி நின்றது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது ஐயா நடந்தே ஊர் திரும்பினார். 1948-ல் பர்மா நில தேசியமயச் சட்டம் வந்தது. அந்த முதலாளி வீட்டு டிரங்குப் பெட்டியில் பர்மாப் பத்திரங்கள் ரொம்ப நாள் இருந்ததாக அப்பச்சி (என் அப்பா) சொல்வார்.

அதனால் முதுமைப் பணம் முழுவதையும் பங்கில் வைப்பதில்லை. 60 சதவீதம் பங்கில், மீதி 40 சதவீதம் வங்கி, தபால் ஆபீஸ், கடன் பத்திரங்களில் போடுகிற கடன் ஃபண்டு இவற்றில். இந்த விகிதம் என் வயதுக்கு. முப்பது வயதுக்காரர் 75, 80 கூட வைக்கலாம், ஆனால் ஒரு பெரிய வீழ்ச்சியைக் கண்ணால் பார்க்கும்வரை 60-க்கு மேல் போகவேண்டாம் என்பேன். பேப்பரில் 40 சதவீதம் என்று படிப்பதும் சொந்தப் பணத்தில் ஐந்து லட்சம் குறைந்ததைப் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

விகிதம் மாறினால் சரிசெய்ய வருடத்தில் இரண்டு நாள். எனக்குச் சித்திரை முதல் நாளும் பிள்ளையார் நோன்புக்கு மறுநாளும். மற்ற நாளில் கணக்கைத் திறப்பதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகிறவர்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். நடுவில் கடிதமும் கணக்கும் வரும், ரங்கூனில் இன்று நெல் என்ன விலை என்று காரைக்குடி முகப்பில் இருக்கிறவருக்கு மணிக்கு மணி தெரியாது. இன்று போன் மணிக்கு மணி சொல்கிறது. ஆகவே செயலியின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். முடிந்தால் செயலியையே எடுத்துவிடுங்கள். தம்பி மகன் போனில் இருக்கிறது, என் போனில் இல்லை.

2020 சித்திரை முதல் நாள் நோட்டைத் திறந்தேன். பங்கில் 10,60,000, வைப்பில் 9,50,000. பங்கு 53 சதவீதமாகக் குறைந்திருந்தது. வைப்பிலிருந்து 1,50,000 எடுத்து மூன்று தவணையாகப் பங்கு ஃபண்டுக்கு மாற்றச் சொன்னேன், திரும்ப 60 ஆனது. அடி விலையில் வாங்கவில்லை. அது மார்ச்சிலேயே போய்விட்டது, அதைப் பிடிக்க நான் முயலவும் இல்லை. காலண்டர் சொன்ன நாளில் செய்தேன். பங்கு 65, 70 என்று வீங்கினால் இதே வேலையைத் திருப்பிச் செய்யவேண்டும். விற்கும்போது வரி உண்டு: பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், 2024 ஜூலை 23-லிருந்து உள்ள விதிப்படி, வருடத்துக்கு 1,25,000 வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20. அதனால் முதலில் புதிதாகப் போடுகிற காசைக் குறைந்த பக்கத்தில் போட்டே விகிதத்தைச் சரிசெய்யப் பாருங்கள்.

மாதாமாதம் போடுகிற எஸ்ஐபியை வீழ்ச்சியில் நிறுத்தாதீர்கள் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். மாதம் 5,000. முதல் மாதம் ஒரு யூனிட் 50 ரூபாய், 100 யூனிட் கிடைக்கும். அடுத்த மாதம் 40, 125 யூனிட். மூன்றாம் மாதம் 25, 200 யூனிட். நான்காம் மாதம் திரும்ப 40, 125 யூனிட். போட்டது 20,000, கையில் 550 யூனிட், 40 ரூபாய் விலையில் மதிப்பு 22,000. தொடங்கிய 50-க்கு விலை இன்னும் வரவில்லை, ஆனாலும் 2,000 லாபம். அந்த 25 ரூபாய் மாதத்தில் பயந்து நிறுத்தியவருக்கு இது கிடையாது. வருமானம் நின்றுபோனால் நிறுத்தலாம், அதில் தப்பில்லை. நான் 2020-ல் தவணையைப் பாதியாகக் குறைத்தேன், ஐப்பசி ஆர்டர் வந்ததும் பழையபடி ஆக்கினேன்.

கடன் வாங்கிப் பங்கு வாங்கவே வேண்டாம். நகையை அடகு வைத்து வாங்கினால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பங்கின் மேலேயே கடன் வாங்கினால் விலை இறங்கும்போது கூடுதல் பணம் கேட்பார்கள், கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள். அப்புறம் இருப்பதா போவதா என்கிற முடிவு உங்கள் கையில் இல்லை. பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடுகிற ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகவேண்டாம். 2024-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி வாரியம் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருடத்தில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். வாட்ஸ்அப்பில் "நாளைக்கு ஏறும் பங்கு" என்று அனுப்புகிறவரின் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள், பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று, நாமினி. முப்பது வருடம் விற்காமல் வைத்திருந்து, அது இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனால் என்ன பயன்? எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெள்ளிச் சாமானுக்கடியில் காகிதப் பங்குப் பத்திரங்கள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்கை அப்படியே கைமாற்ற முடியாது, டீமேட் என்கிற மின்னணுக் கணக்குக்கு மாற்றவேண்டும். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் (கம்பெனி தருகிற லாபப் பங்கு) வாங்காமல் விட்டால் பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், வாரிசுச் சான்றிதழும் அலைச்சலும் மாதக்கணக்கில் ஆகும். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயரைப் போட்டு, வங்கி விவரம், போன் நம்பர் மாறினால் உடனே திருத்திவிடுங்கள்.

என் நோட்டு பீரோவில் இரண்டாம் தட்டில், மகள் கல்யாணப் புடவைப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போன சித்திரைக்கு வந்தபோது பேத்தியையும் உட்காரவைத்து நான்கு வரியையும் வாசித்துக் காட்டினேன், "2030 என்னோடதா?" என்று கேட்டு அதற்கு நேரே பென்சிலால் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.